பொது நிலத்தில் முயல் பிடிக்க அனுமதி உண்டா? சென்னையைச் சுற்றி நிலம் வாங்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்னையில் வேலையும் வீடும் இருக்க, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் ஓரிரு ஏக்கர் வாங்கி, வார இறுதிகளில் பயிர் செய்யத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். விதைத்த வேர்க்கடலையோ உளுந்தோ முளைத்து இலை விட்டவுடன் இரவோடு இரவாக முயல் கடித்துவிட்டுப் போயிருக்கும். ஊரில் கேட்டால், "பக்கத்து மேய்க்கால் புறம்போக்கில்தான் படுத்துக் கிடக்கும், ராத்திரி வலை கட்டினால் முடிந்தது, பொது நிலந்தானே, யார் கேட்கப் போகிறார்கள்" என்று பலரும் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அனுமதி வாங்கிக்கொண்டே எதையும் செய்வோம் என்று கிராம நிர்வாக அலுவலகம், ஊராட்சி, வனச்சரகம், ஆட்சியர் அலுவலகம் என்று அலைந்தபோது, ஒவ்வோர் இடத்திலும் விஷயத்தின் ஒரு துண்டுதான் கிடைத்தது. முழுவதையும் ஒரே இடத்தில் சொல்ல ஆளில்லை. அதை நீங்கள் முதல் நாளிலேயே தெரிந்துகொண்டால், ஒரு பருவப் பயிரும் ஒரு வழக்கும் மிச்சமாகும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் பொது நிலத்தில் முயல் வேட்டையாடும் உரிமை யாருக்கும் இல்லை. ஊராட்சியோ வருவாய்த் துறையோ காவல் நிலையமோ அதற்கு அனுமதி தர முடியாது. சட்டத்தில் உள்ள ஒரே வாசல் மிகக் குறுகியது. அதையும் அதற்குப் பதிலாகச் செய்யக்கூடியவற்றையும் படிப்படியாகப் பார்ப்போம்.

1. கடித்தது முயல்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

நம் ஊர்க் காடு மேடுகளில் தானாக வாழ்வது பிடரியில் கருப்புப் பட்டை கொண்ட இந்தியக் காட்டு முயல். கடைகளிலும் பண்ணைகளிலும் விற்கும் வெள்ளை, சாம்பல் நிற முயல்கள் ஐரோப்பாவிலிருந்து வந்த வேறோர் இனம். அந்த இனம் இந்தியாவில் காட்டில் வாழ்வதில்லை. ஆகவே வயல் வரப்பிலும் ஏரிக்கரைப் புதரிலும் நீங்கள் காண்பது வன உயிரினம் என்றே கொள்ள வேண்டும். "வளர்ப்பு முயல் என்று நினைத்தேன்" என்ற வாதம் அதிகாரிகளிடம் எடுபடாது.

சேதத்தைக் காலையிலேயே போய்ப் பாருங்கள். முயல் கடித்த தண்டு கத்தியால் சீவியதுபோல் சாய்வாக வெட்டுப்பட்டிருக்கும். அருகில் உருண்டையான புழுக்கைகள் கிடக்கும். மண் உழுததுபோல் புரண்டு கிடந்தால் அது காட்டுப்பன்றி. இலை மட்டும் கிழிந்து தொங்கினால் ஆடோ மாடோ மேய்ந்திருக்கக் கூடும். மனுவில் எந்த விலங்கின் பெயரை எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்து நடைமுறையே மாறும் என்பதால், இந்தப் படியை அவசரத்தில் தாண்டிவிடாதீர்கள். காட்டுப்பன்றிக்குத் தமிழக அரசு 2025-இல் தனி ஏற்பாடு செய்தது. காப்புக்காட்டின் (அரசு அறிவித்துப் பாதுகாக்கும் காட்டின்) எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து சேதம் செய்யும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்பது அது. அந்த ஏற்பாட்டிலும் விவசாயி சுட இடமில்லை. முயலுக்கோ அது பொருந்தவே பொருந்தாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, "இப்போது அனுமதி உண்டாமே" என்று சொல்பவர்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள்.

2. நிலத்தின் வகையைப் பதிவேட்டில் பாருங்கள்

"பொது நிலம்" என்று ஊரில் சொல்வது பதிவேட்டில் பல பெயர்களில் இருக்கும்: மேய்க்கால் புறம்போக்கு, ஏரி, ஓடை, களம், தரிசு, சில இடங்களில் காப்புக்காடு. தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் நிலத்தின் வகையைக் காட்டும் அ-பதிவேட்டு விவரமும் உங்கள் பட்டாவும் சிட்டாவும் கட்டணமின்றிக் கிடைக்கும். உங்கள் நிலத்தைச் சுற்றியுள்ள புல எண்கள் அனைத்துக்கும் இதைச் செய்து, அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வகை நிலமாக இருந்தாலும் வேட்டை குற்றமே. இருந்தும் வகையைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம், அது தேசியப் பூங்காவாகவோ சரணாலயமாகவோ இருந்தால் தண்டனை பல மடங்கு கூடும் என்பதே. நகருக்குள்ளேயே கிண்டி தேசியப் பூங்கா இருக்கிறது. வேடந்தாங்கல், கரிக்கிலி, பழவேற்காடு ஆகியவை சரணாலயங்கள். நன்மங்கலம், வண்டலூர்ப் பக்கத்துக் காடுகள் காப்புக்காடுகள். அங்கே தமிழ்நாடு வனச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். வேலி இல்லை, பலகை இல்லை என்பதற்காக ஒரு புதர்க்காட்டைப் புறம்போக்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இணையத்தில் விவரம் தெளிவாக இல்லையென்றால் வட்டாட்சியர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி மனு அனுப்புங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். எழுத்தில் வந்த அந்தப் பதில், ஊரார் வாய்மொழியைவிட எப்போதும் மேல்.

இங்கே ஒரு பொறி உண்டு. ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் விடுகிறார்களே, அதுபோல முயலுக்கும் ஊராட்சி தீர்மானம் போட்டால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். ஊராட்சிக்குத் தன் பொறுப்பிலுள்ள நிலத்தின்மீதும் நீரின்மீதும் சில அதிகாரங்கள் உண்டு. வன உயிரினத்தின்மீது ஓர் அதிகாரமும் இல்லை. தீர்மான நகலையோ தலைவரின் கடிதத்தையோ காட்டி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

3. எவையெல்லாம் "வேட்டை" என்று தெரிந்துகொள்ளுங்கள்

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் 9-ஆம் பிரிவு வேட்டையைத் தடை செய்கிறது. 2022-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, பாதுகாக்கப்படும் உயிரினங்களைப் பட்டியலிடும் அட்டவணைகள் மாற்றி அமைக்கப்பட்டபின், நம் காட்டு முயல் இரண்டாம் அட்டவணையில் உள்ளது. கொல்வது மட்டும் வேட்டை அன்று. பிடிப்பது, கண்ணி அல்லது சுருக்கு வைப்பது, வலை கட்டுவது, விஷம் வைப்பது, நாயை விட்டுத் துரத்துவது, இரை போட்டு வரவழைப்பது, காயப்படுத்துவது, இவற்றுக்கு முயல்வது எல்லாமே சட்டத்தின் பொருளில் வேட்டைதான். நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு இரவில் போய், ஒன்றும் சிக்காமல் வெறுங்கையோடு திரும்பினாலும் அது குற்றமே.

தண்டனை மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தேசியப் பூங்காவிலோ சரணாலயத்திலோ செய்தால் குறைந்தது மூன்றாண்டு, அதிகம் ஏழாண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. பயன்படுத்திய வண்டி, வலை, கருவி அனைத்தையும் பறிமுதல் செய்யலாம். இறைச்சியை வைத்திருந்தவரே அது சட்டப்படி வந்தது என்று மெய்ப்பிக்க வேண்டும் என்பதால், யாரோ கொடுத்த கறியைக் குளிர்பெட்டியில் வைத்திருப்பதும் ஆபத்து.

கண்ணி வைப்பவர் எது வந்து விழும் என்று தீர்மானிக்க முடியாது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். முயலுக்காக வைத்த சுருக்கில் மயிலோ உடும்போ மாட்டினால், அவை முதல் அட்டவணையைச் சேர்ந்தவை என்பதால், சரணாலயத்துக்கு வெளியே நடந்தாலும் அதே மூன்று முதல் ஏழாண்டுத் தண்டனை பொருந்தும். தானியத்தில் கலந்து வைக்கும் குருணை மருந்தும் அப்படித்தான். அதைத் தின்று முதலில் சாவது பெரும்பாலும் மயிலாகவும் பக்கத்து வீட்டு நாயாகவும் இருக்கும்.

இதைவிட என் மனத்தை உறுத்துவது இன்னொன்று. நகரத்திலிருந்து வரும் நிலவுடைமையாளர் தாம் கண்ணி வைப்பதில்லை; ஊரில் கூலிக்குப் போகும் இருளர் குடும்பத்திடமோ வேறு ஏழை ஒருவரிடமோ ஐந்நூறு ரூபாயைக் கொடுத்து, "பிடித்துக்கொண்டு போங்கள்" என்று சொல்லிவிட்டு ஞாயிறு மாலை சென்னைக்குக் காரில் ஏறிவிடுகிறார். பிடிபடுவது அந்த ஏழை. ஜாமீனுக்கு ஆள் இல்லாமல் உள்ளே கிடப்பதும் அவர்தான். சட்டத்தின்படி தூண்டியவருக்கும் அதே தண்டனை உண்டு என்பது ஒருபுறம் இருக்கட்டும். தண்டனையே இல்லாவிட்டாலும் இதைச் செய்யக் கூடாது. "அவர்களுக்குப் பரம்பரை உரிமை உண்டு" என்பதும் தவறு. வன உரிமைச் சட்டம், 2006 பழங்குடியினரின் பல மரபு உரிமைகளை ஏற்றுக்கொண்டாலும், வேட்டையாடும் உரிமையை வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கிறது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் அரசு அனுமதியோடு பாம்பு பிடிப்பது விஷம் எடுப்பதற்காக மட்டுமே. அதைக் காட்டி முயலுக்கு நியாயம் சொல்ல முடியாது.

பொங்கலையொட்டிய நாட்களில் வனத்துறையின் இரவு ரோந்து கூடுதலாக இருக்கும். நண்பர்கள் கூட்டமாக வந்து பண்ணையில் தங்கும் நாட்களும் அவையே என்பதால், வருபவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிடித்த முயலோடு படம் எடுத்துக் கைப்பேசியில் பகிர்ந்து, அந்தப் படமே சாட்சியாகி வழக்கில் மாட்டியவர்களைப் பற்றிச் செய்தித்தாளில் அவ்வப்போது பார்த்திருப்பீர்கள்.

4. சட்டத்தில் உள்ள ஒரே அனுமதி

அதே சட்டத்தின் 11-ஆம் பிரிவில், இரண்டாம் அட்டவணையிலுள்ள ஒரு விலங்கு மனித உயிருக்கோ, நிலத்தில் நிற்கும் பயிர் உட்பட உடைமைக்கோ ஆபத்தாகிவிட்டது என்று தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்த அலுவலரோ கருதினால், காரணங்களை எழுதி, குறிப்பிட்ட இடத்தில் அந்த விலங்கை வேட்டையாட எழுத்து மூலம் அனுமதிக்கலாம் என்று இருக்கிறது. எழுத்தில், காரணத்தோடு, இடம் குறித்து என்ற மூன்றும் முக்கியம். வனக்காப்பாளர் வாய்மொழியாக "பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னது அனுமதி ஆகாது.

இந்த வாசல் இருக்கிறது என்பதால் முயலுக்கு இதைத் துரத்திக்கொண்டு போக நான் உங்களைத் தூண்டமாட்டேன். அனுமதி தருவது அதிகாரியின் முடிவைப் பொறுத்தது, வேலி போட்டாலே தீரும் சேதத்துக்கு உயிரைக் கொல்ல அனுமதி கேட்டால், "வேலி போட்டீர்களா?" என்பதே முதல் கேள்வியாக வரும். வேர்க்கடலைக்கு முயலால் ஆபத்து மிகுந்த காலம் முளைத்த முதல் மூன்று வாரந்தான். கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போவதற்குள் அந்தக் காலம் கடந்துவிடும். இருந்தாலும் சேதத்தைப் பதிவு செய்வது வீண் இல்லை. பன்றியும் சேர்ந்து வரும் இடங்களில் இழப்பீட்டுக்கும், பின்னாளில் வேலிக்கு உதவி கேட்பதற்கும் அந்தப் பதிவுதான் அடிப்படை.

5. சேத மனு: ஆவணங்கள், செலவு, காலம்

மனுவை உங்கள் நிலம் எந்த வனச்சரகத்தில் வருகிறதோ அதன் வனச்சரக அலுவலருக்கு எழுதி, ஒரு படியை மாவட்ட வன அலுவலருக்கும் அனுப்புங்கள். செங்கல்பட்டு, திருவள்ளூர் ஆகியவற்றுக்குத் தனித்தனி வனக்கோட்டங்கள் உள்ளன. சென்னையில் குடியிருக்கிறோம் என்பதற்காகக் கிண்டி வனத்துறை அலுவலகத்துக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள். நிலம் இருக்கும் இடமே கணக்கு, உங்கள் ஆதாரில் உள்ள முகவரி அன்று.

வெள்ளைத் தாளில் எழுதிய மனு போதும். அதனோடு பட்டா, சிட்டா, நடப்பு ஆண்டின் அடங்கல், புலப்பட நகல், ஆதார் நகல், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், நாளும் இடமும் பதிவாகும் செயலியில் எடுத்த படங்கள் ஆகியவற்றை இணையுங்கள். இவற்றில் புதியவர்கள் தடுக்கி விழுவது அடங்கலில். நிலம் உங்கள் பெயரில் இருந்தாலும், கிராம நிர்வாக அலுவலர் இந்தப் பருவத்தில் இந்தப் புலத்தில் இந்தப் பயிர் என்று அடங்கலில் ஏற்றியிருந்தால்தான் "நிற்கும் பயிர்" என்பது ஆவணப்படி மெய்யாகும். விதைத்த வாரமே அவரிடம் சொல்லிப் பதியச் செய்யுங்கள். சேதம் நடந்தபின் போனால் வயலில் காட்டப் பயிரே இருக்காது. கிரயம் முடிந்து பட்டா மாறாமல் இருப்பவர்கள் முதலில் பட்டா மாற்றத்தை முடிக்க வேண்டும். விற்றவர் பெயரிலுள்ள பட்டாவை வைத்து உங்கள் வங்கிக் கணக்குக்கு இழப்பீடு வராது.

மனுவை இரண்டு படி எடுத்துச் சென்று, ஒன்றில் கையொப்பமும் முத்திரையும் நாளும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் சேர்ப்பித்ததற்கான சான்று கிடைக்கும்படி விரைவு அஞ்சலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். சேதத்தைக் கண்ட நாளோ மறுநாளோ கொடுப்பது நல்லது. வனவர் வந்து பார்க்கும்வரை கடிபட்ட வரிசையை உழுதுவிடாமலும் மறுவிதைப்பு செய்யாமலும் ஒரு பகுதியையாவது அப்படியே விட்டுவைக்க வேண்டும். அசைவில்லையென்றால் திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தைவிட, மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டமே பயன் தரும். அங்கே வனத்துறையினரும் வேளாண் துறையினரும் ஒரே அறையில் இருப்பார்கள், சொன்னது குறிப்பேட்டில் ஏறும். மொத்தச் செலவு நகல், அஞ்சல், போக்குவரத்து அவ்வளவே. இதற்கு இடைத்தரகர் தேவையே இல்லை.

6. விதைப்பதற்கு முன் வேலி

உண்மையில் வேலையைத் தீர்ப்பது இதுதான். முயல் தாண்டுவதைவிட நுழைவதையே விரும்பும். ஆகவே உயரத்தைக் காட்டிலும் அடிப்பகுதியில்தான் பணத்தைப் போட வேண்டும். ஓர் அங்குலக் கண்ணுள்ள கோழிவலையை மூன்றடி உயரத்துக்குக் கட்டி, கீழே அரையடியை வெளிப்புறமாக மடித்து மண்ணில் புதையுங்கள். ஏற்கெனவே முள்கம்பி வேலி இருந்தால் அதன் கீழ்ப்பாதியில் இந்த வலையைக் கட்டினால் போதும். புதிதாகத் தூண் நட வேண்டியதில்லை. படல் கதவின் அடியில் இடைவெளி விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் பார்த்துப் பார்த்துக் கட்டுபவர்களைக் கண்டிருக்கிறேன். முயல் வருவது அந்த இடைவெளி வழியாகத்தான்.

வேலிக்கு முன் நில அளவை அவசியம். வரப்புதான் எல்லை என்று நினைத்துப் புறம்போக்குக்குள் இரண்டடி தள்ளிப் போட்டால், நில ஆக்கிரமிப்புச் சட்டம், 1905-இன்படி அகற்றும் அறிவிப்பு வரும், வலையின் காசும் போகும். அளவைக்கு இணையத்திலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால் நில அளவர் வந்து எல்லை காட்டுவார். மழைக்காலத்தில் இந்த வேலை தள்ளிப் போகும் என்பதால் ஆடிப்பட்டத்துக்குச் சித்திரையிலேயே விண்ணப்பியுங்கள்.

சூரிய மின்வேலி போட நினைப்பவர்கள், 2023-இல் தமிழக அரசு மின்வேலிகளுக்கு விதிகள் கொண்டுவந்திருப்பதை அறிந்துகொள்ள வேண்டும். காப்புக்காட்டை ஒட்டிய பகுதிகளில் வனத்துறையின் முன்அனுமதியும் பதிவும் தேவை. முயலுக்காக மட்டும் அவ்வளவு செலவு செய்யத் தேவையில்லை என்பது என் கருத்து. மோட்டார் கொட்டகையிலிருந்து நேராக மின்சாரம் இழுத்துக் கம்பியில் விடுவதை எந்த நிலையிலும் செய்யாதீர்கள், செய்ய விடாதீர்கள். விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சப் போன மனிதர்களைக் கொன்றிருப்பது அதுதான்.

7. துப்பாக்கி இருந்தால்?

ஆயுதச் சட்டம், 1959 பயிர்ப் பாதுகாப்புக்காக குழல்வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தர இடம் அளிக்கிறது. சென்னையில் மாநகரக் காவல் ஆணையரும் மாவட்டங்களில் மாவட்ட நிர்வாகமும் விண்ணப்பத்தைப் பரிசீலிப்பார்கள். ஆனால் அந்த உரிமம் துப்பாக்கியை வைத்திருப்பதற்கு மட்டுமே. விலங்கைச் சுடுவதற்கு மேலே சொன்ன 11-ஆம் பிரிவு அனுமதி தனியாக வேண்டும். வேட்டை வழக்கில் தண்டனை பெற்றால் உரிமத்தை ரத்து செய்யவும், ஐந்தாண்டு மறு உரிமம் கிடைக்காதபடி செய்யவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. உரிமம் தேவைப்படாத வகை ஏர்கன்னை வாங்கிவந்து, "இதற்குத்தான் லைசென்ஸே வேண்டாமே" என்று முயலைச் சுடுபவர்களும் அதே 9-ஆம் பிரிவில்தான் வருவார்கள்.

8. முயல் உங்கள் கைக்கு வந்துவிட்டால்

அறுவடையின்போது புல்லுக்குள் முயல் குட்டி அகப்படும். அது கண் திறந்து, மயிரோடு பிறக்கும். தாய் பகலில் அதைத் தனியே விட்டுவிட்டு இரவில் வந்து பால் கொடுக்கும். ஆகவே தனியாக இருக்கிறதே என்று வீட்டுக்கு எடுத்துவராமல், அந்த இடத்தைச் சுற்றி நாலடி அறுக்காமல் விட்டுவிடுங்கள். அடிபட்ட முயலையோ, உங்கள் வேலியில் சிக்கிச் செத்த முயலையோ கையில் எடுக்க நேர்ந்தால், 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ வனத்துறை அலுவலகத்திலோ தெரிவிக்க வேண்டும். அது அரசின் உடைமை. புதைத்துவிடுவோம் என்று முடிவெடுக்காமல் படம் எடுத்து, தெரிவித்து, அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள்.

9. முயல் கறிதான் வேண்டுமென்றால்

பண்ணை முயல் வளர்க்க வன உயிரினச் சட்டம் தடையாக இல்லை. நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயன்ட் ஆகிய இனங்கள் இங்கே பழகியவை. செங்கல்பட்டு மாவட்டம் காட்டுப்பாக்கத்தில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தில் முயல் வளர்ப்பைப் பற்றிக் கேட்டறியலாம். குட்டி வாங்க விரும்பினால் முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது. சினைக்காலம் ஏறக்குறைய ஒரு மாதம். குட்டிகள் மூன்று மாதத்தில் இரண்டு கிலோ எடையை நெருங்கும். சென்னை வெயிலை முயல் தாங்காது என்பதால் சித்திரை, வைகாசியில் கூண்டுக்கு மேல் கூரை நிழலும் ஈரச் சாக்கும் தேவைப்படும்.

எங்கே வாங்கினாலும் ரசீது வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வனத்துறையினர் வந்து கேட்கும் நாளில் உங்கள் கூண்டில் இருப்பது பண்ணை இனம் என்பதற்கு அந்தத் தாளும் முயலின் நிறமுமே சான்று. இறைச்சியாக விற்க நினைத்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். சிறு வியாபாரிகளுக்கான அடிப்படைப் பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம். "காட்டு முயல் கறி கிடைக்கும்" என்று நெடுஞ்சாலை ஓரத்தில் யாராவது மெதுவாகச் சொன்னால், நிறுத்தாமல் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.